இதயத்தில் நிணநீர்ப் புற்றுநோய்: நீலகிரியிலிருந்து சிகிச்சைக்கு இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எக்கோ, அதாவது இதயத்தின் ஒலியலைப் படப் பரிசோதனை, அறிக்கையில் ‘இதயத்தின் வலது மேலறையில் கட்டி’ என்ற வரியைக் கண்டதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, ஆப்பரேஷன் எப்போது என்பதுதான். இதயக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கேள்வி பொருத்தமானதே. ஆயினும் இதயத்திலேயே தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்ஃபோமா, அறுத்து எடுப்பதால் குணமாவதில்லை. ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் மருந்துகளுக்கே அது கரைகிறது. எனவே கட்டியின் பெயர் நுண்ணோக்கியில் உறுதியாகும்வரை அறுவைக்கும் அவசரப்படக் கூடாது, ஸ்டீராய்டுக்கும் அவசரப்படக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர்ப் பக்கங்களிலிருந்து கோயம்புத்தூருக்கோ அதற்கு அப்பாலோ சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இதயத்தில் முதன்முதலாகத் தோன்றும் கட்டிகளே அரியவை. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புற்றல்லாதவை. இடது மேலறையில் காம்புடன் தொங்கும் மிக்ஸோமா அவற்றுள் முதன்மையானது. எஞ்சிய புற்றுக்கட்டிகளில், தசை போன்ற இணைப்புத் திசுக்களில் தோன்றும் சார்கோமா வகைகளே மிகுதி. நிணநீர்ப் புற்றுநோய், முதன்மை இதயக் கட்டிகளில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளிலிருந்து இதயத்துக்குப் பரவி வரும் புற்றுநோய் இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு அதிகம். ஆகவே இந்த நோயைச் சந்தேகிப்பதற்கு முன், உடலின் வேறிடத்தில் புற்று இருக்கிறதா என்று தேடுவது மருத்துவரின் கடமை. அந்தத் தேடலுக்கு ஆகும் நாட்களை வீண் தாமதம் என்று குடும்பத்தார் எண்ண வேண்டியதில்லை.

இந்நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினரிடமும், பெண்களைவிட ஆண்களிடம் சற்று மிகுதியாகவும் காணப்படுகிறது. எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கும், சிறுநீரக மாற்று போன்ற சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது பெரும்பாலானவை ‘பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமா’ (அறிக்கையில் DLBCL) என்ற வகையைச் சேர்ந்தவையாக இருக்கும்; இங்கே ‘பரவிய’ என்பது செல்கள் அமைந்திருக்கும் விதத்தையே குறிக்கிறது. இதயத்தின் வலப்பக்கமே, அதிலும் வலது மேலறையே, இதன் வழக்கமான இடம்.

மலையில் இந்நோயை எப்படிக் கண்டுகொள்வது

வலது மேலறை என்பது உடல் முழுவதிலுமிருந்து அசுத்த ரத்தம் வந்து சேரும் அறை. அதில் கட்டி வளர்ந்தால் ரத்தம் உள்ளே புக வழியின்றிப் பின்னால் தேங்குகிறது. கால் வீக்கம், வயிறு உப்புதல், கழுத்து நரம்புகள் புடைத்தல், முகம் ஊதுதல் ஆகியவை இதனால் வருகின்றன. மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் பொதுவானவை. கட்டி இதயத்தின் மின்பாதையை ஊடுருவினால் நாடி தாறுமாறாக ஓடும், அல்லது மிகவும் மெதுவாகித் தலைசுற்றலோ மயக்கமோ வரும்.

இந்த அறிகுறிகளை மறைத்துவிடும் தன்மை மலை வாழ்க்கைக்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். உதகை கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குவது இயல்பு என்று எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் இருபது ஆண்டுகளாக அதே தேயிலைச் சரிவில் இலை பறித்தவர், சில வாரங்களுக்குள் பாதி மேட்டிலேயே நின்றுவிடுகிறார் என்றால் அதற்கு உயரம் காரணமாக இருக்க முடியாது. அவருடைய பழைய திறனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பக்கத்து வீட்டாரோடு ஒப்பிடாதீர்கள்.

அடுத்து, உடை. மப்ளரும் குல்லாவும் கழுத்தையும் முகத்தின் ஓரங்களையும் மூடியிருப்பதால் புடைத்த நரம்பு வீட்டாரின் கண்ணில் படுவதில்லை. நல்ல வெளிச்சத்தில் மப்ளரைக் கழற்றச் சொல்லி, முதுகுக்குத் தலையணை வைத்துப் பாதி சாய்ந்த நிலையில் உட்கார வைத்துப் பாருங்கள். அந்த நிலையிலும் கழுத்தின் பக்கவாட்டு நரம்பு தாடைவரை நிரம்பித் தெரிந்தால் அது இயல்பன்று. கேரட் தோட்டத்தில் வேலை செய்பவரின் கம்பூட்டு (ரப்பர் பூட்ஸ்) மாலையில் கழற்ற முடியாமல் இறுகினாலோ, காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேல் ஆழமான வளையமாகப் பதிந்தாலோ, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி மெதுவாகவே நிரம்பினால் அது நீர் கோத்த வீக்கம். வயிறு உப்பியவரைக் கண்டதும் மதுப்பழக்கத்தால் வந்த ஈரல் நோய் என்று முடிவு கட்டுவதும் நம்மிடம் உண்டு. அவ்வாறு முடிவு செய்யும் முன் ஒரு எக்கோ எடுப்பது நல்லது.

லிம்ஃபோமாவில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய மூன்று அறிகுறிகள் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் என்பன. சமவெளியில் இரவு வியர்வையைப் புழுக்கம் என்று தள்ளிவிடலாம். உறைபனி இறங்கும் ஜனவரி இரவில் உள்ளாடையும் போர்வையும் நனையும் அளவுக்கு ஒருவர் வியர்க்கிறார் என்றால் தள்ளிவிட ஏதுமில்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை அவரிடம் சொல்லுங்கள். எடை குறைவதையும் அடுக்கடுக்கான ஸ்வெட்டர் மறைத்துவிடும். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அது கணக்கில் கொள்ளத்தக்கது. நீர் கோத்த வீக்கம் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

திசு கைக்கு வரும்வரை காக்க வேண்டியவை

இந்த வழிகாட்டியில் மிகவும் கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்பது என் கருத்து.

குளிர் காலத்தில் மூச்சு இரைத்தால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் மலையில் பரவலாக இருக்கிறது. ஊசி போட்டதும் நோயாளிக்குச் சுகம் தெரிவதால் அவரும் அதையே மீண்டும் கேட்கிறார். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டால் வேகமாகச் சாகக்கூடியவை. திசு எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு உள்ளே சென்றுவிட்டால், எடுத்த துண்டில் செத்த செல்கள் மட்டுமே தெரியக்கூடும். நோயியல் மருத்துவர் பெயர் சொல்ல முடியாமல் போகும். கட்டியோ சில வாரங்களில் திரும்ப வளரும். அதனால் எக்கோவில் கட்டி என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும், ‘இதயத்தில் கட்டி இருக்கிறது, இன்னும் பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) ஆகவில்லை, தவிர்க்க முடிந்தால் ஸ்டீராய்டு வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பே போட்டிருந்தால் தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வைத்துத் தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் ஸ்டீராய்டு தரத்தான் வேண்டியிருக்கும். அந்த முடிவை மருத்துவர் எடுப்பார்.

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோப்பது இந்நோயில் அடிக்கடி நேர்கிறது. நம் நாட்டில் இதய உறையில் நீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை, ஏனெனில் அதுவே இங்கு மிகுதி. சிக்கல் என்னவென்றால், காசநோய்க்கு அடையாளமாகக் கருதப்படும் ஏடிஏ என்ற நொதி லிம்ஃபோமாவிலும் உயர்ந்திருக்கக்கூடும். ஏடிஏ உயர்வை மட்டும் நம்பிக் காசநோய் மாத்திரைகளையும் அவற்றோடு ஸ்டீராய்டையும் தொடங்கிவிட்டால், நோயாளி முதலில் தேறுவார். அந்தத் தேற்றமே நம்மை ஏமாற்றிவிடும். உறை நீரோடு இதய அறையில் கட்டியும் தெரிந்தால், செல் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியுமா என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள்.

வடித்தெடுத்த அந்த நீர் மிக முக்கியமானது. பல நேரங்களில் நோயின் பெயர் அதிலேயே மிதந்துகொண்டிருக்கும். மார்பைத் திறக்காமல் எளிதில் கிடைக்கும் மாதிரி அது. நெருக்கடியில் நீரை வடிக்கும்போது நோயாளியின் உயிரைக் காப்பதில் எல்லோரும் முனைந்திருப்பதால், வடித்த நீரைக் கொட்டிவிட வாய்ப்பிருக்கிறது. உடன் இருப்பவர் ஒருவர் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நீர் இரண்டு பாகமாகப் போக வேண்டும்: ஒன்று செல் பரிசோதனைக்கு, மற்றொன்று செல்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு. பரிசோதனைச் சீட்டில் ‘லிம்ஃபோமா சந்தேகம்’ என்று எழுதியிருந்தால்தான் ஆய்வகம் இரண்டாவது சோதனையை எண்ணிப் பார்க்கும். மாதிரியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு செல்வதானால் ஐஸ் பேக் வைத்த பெட்டியில், புட்டி பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதபடி துணி சுற்றி, அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும். நீர் உறைந்துவிட்டால் செல்கள் உடைந்து பயனற்றுப் போகும். புட்டியின் மேல் பெயர், எடுத்த இடம், தேதி, நேரம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் அதிகமாகி இதயத்தை நெரிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும், நாடி விரையும், படுத்தால் மூச்சு முட்டும். அந்த நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்வது ஆபத்தானது. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்று மலையிலேயே உள்ள பெரிய மருத்துவமனையில் நீரை வடிக்க வசதி இருந்தால், வடித்து நிலைப்படுத்திய பிறகே கீழே இறங்குவது நல்லது. இறங்குவது 108 ஆம்புலன்சில் இருக்கட்டும். சொந்தக் காரில் வேண்டாம்.

பெயரைக் கண்டறியும் வழி

நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ கட்டியைக் காட்டிவிடும். உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ அதன் வேரையும் பரப்பையும் தெளிவாக்கும். எம்ஆர்ஐ மேலும் ஒரு படி உதவுகிறது. லிம்ஃபோமா பொதுவாக வலது இதய இரத்தக்குழாயைச் சுற்றி வளர்ந்து, குழாயை அழிக்காமல் அணைத்தபடி நிற்கும். வால்வுகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். இந்தச் சாயல் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். நாடி மிகவும் மெதுவாகிப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய நிலை வந்தால், வைப்பதற்கு முன் எம்ஆர்ஐ எடுத்துவிட முடியுமா, அல்லது எம்ஆர்ஐக்கு ஏற்ற பேஸ்மேக்கரை வைக்க முடியுமா என்று கேளுங்கள். கட்டி கரைந்தபின் மின்பாதை தானாகவே மீண்டு வருவதும் உண்டு என்பதால், தற்காலிக பேஸ்மேக்கரோடு காத்திருப்பது சிலருக்குப் பொருந்தும்.

நோய் இதயத்தோடு நிற்கிறதா என்பதைப் பெட்-சிடி படம் காட்டும். ஊசியில் ஏற்றும், கதிர்வீசும் சர்க்கரையைப் புற்று இழுத்துக்கொண்டு இந்தப் படத்தில் ஒளிரும். இதற்கு உணவு முறையில் ஒரு தனி ஏற்பாடு தேவை. இயல்பான இதயத் தசையும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், படத்தில் இதயம் முழுவதும் ஒளிர்ந்து கட்டி மறைந்துவிடும். இதைத் தடுக்க முந்தைய நாள் மாவுச்சத்தைத் தவிர்த்து, கொழுப்பும் புரதமும் உள்ள உணவை உண்டு, பிறகு மையம் சொல்லும் நேரம்வரை பட்டினி இருக்க வேண்டும். சோறு, ராகிக் களி, உருளைக்கிழங்கு, கேரட், பழம், பிஸ்கட், சர்க்கரை போட்ட டீ எதுவும் கூடாது. முட்டை, இறைச்சி, நெய், பனீர் ஆகலாம். மலையில் பலருக்கும் தவறிப்போவது டீதான். விடியலில் புறப்படும் வண்டியில் குளிருக்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் படம் கெட்டுவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியத்தை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

திசு எடுப்பதில் விதி எளிமையானது: எளிதில் எட்டும் இடத்திலிருந்து முதலில். கழுத்திலோ அக்குளிலோ நெறிக்கட்டி இருந்தால் அதிலிருந்து; உறையில் நீர் இருந்தால் அந்த நீரிலிருந்து. இரண்டும் இல்லையென்றால், கழுத்து அல்லது தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையில் உள்ள சிறு கவ்வியால் இதயத்துக்குள்ளிருக்கும் கட்டியில் சில துண்டுகள் எடுக்கிறார்கள். இதயச் சுவர் துளைபடுதல், கட்டியின் துணுக்கு பிய்ந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகிய ஆபத்துகள் இதில் உண்டு. அதனால் இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் செய்வதே முறை. கட்டியை ரத்த உறைவு என்று முதலில் எண்ணி ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால், அதைப் பயாப்சிக்கு முன் எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திசு அறிக்கையில், புற்றுச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி20 என்ற புரதக் குறி நேர்மறையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிகிச்சையில் ரிட்டுக்ஸிமாப் என்ற முக்கியமான மருந்தைத் தருவதா என்பது அதைப் பொறுத்தது. பாரஃபின் மெழுகுத் துண்டில் பதித்த திசுவைத் திரும்பக் கேட்டுப் பெற்றுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது கருத்துக்கு அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ வேலூர் சிஎம்சிக்கோ செல்ல நேர்ந்தால் வெறும் அறிக்கை போதாது, திசுவே வேண்டும்.

மருந்துச் சிகிச்சையும் தங்குமிடமும்

வழக்கமான சிகிச்சை ஆர்-சாப் எனப்படும் ஐந்து மருந்துக் கூட்டு: ரிட்டுக்ஸிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசலோன். பொதுவாக 21 நாட்களுக்கு ஒரு முறை, ஆறு சுற்றுகள். சிகிச்சையின்றி விட்டால் வாரக் கணக்கிலோ சில மாதங்களிலோ உயிரைப் பறிக்கும் இந்நோய், மருந்துக்கு வியப்பூட்டும் வேகத்தில் சுருங்குவதுண்டு. அந்த வேகமே முதல் ஆபத்து. இதயச் சுவரின் ஒரு பகுதியாகவே கட்டி நின்றிருந்த இடத்தில் அது திடீரென்று கரைந்தால் சுவர் மெலிந்து கிழியக்கூடும்; துணுக்குகள் நுரையீரலை அடைக்கக்கூடும்; நாடி தடுமாறக்கூடும். இதனால் சில மருத்துவர்கள் முதலில் சில நாட்கள் பிரெட்னிசலோன் மட்டும் தந்தோ, முதல் சுற்றின் அளவைக் குறைத்தோ தொடங்குகிறார்கள். திசு கைக்கு வந்துவிட்டதால் இப்போது ஸ்டீராய்டு பகையன்று, அதுவே மருந்து. முதல் சுற்று, இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்கும் படுக்கையில் நடக்கட்டும். அது முடிந்ததும் மலைக்குத் திரும்பிவிட மனம் துடிக்கும். இருந்தாலும் முதல் இரண்டு சுற்றுகள் முடிந்து எக்கோவில் கட்டி சுருங்கியது தெரியும்வரை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டிவரும் என்பதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யப்பட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸை ரிட்டுக்ஸிமாப் எழுப்பிவிடக்கூடும். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் தன்மையுள்ளது. நோயுற்ற இதயத்துக்கே அதைத் தர வேண்டியிருப்பதால் இடையிடையே எக்கோ அவசியம். அதன் நிறத்தால் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்து போகும், அஞ்ச வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு தருகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடும் குடும்ப அட்டையோடும் பரிசோதனைக் கட்டத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தவர்கள் கோழிக்கோட்டுக்குச் செல்வது வழக்கம். அட்டை அங்கே செல்லுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில்

மருந்து ஏறிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அணுக்களைக் கூட்டும் ஊசி மருந்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்று உறைபனி இரவில் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெடும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கக் கேட்கலாம்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காமல் இருக்கத் தண்ணீர் தேவை. அதே நேரம் பலவீனமான இதயத்துக்கு அதிகத் தண்ணீரும் ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை எண்ணாகவே மருத்துவரிடம் கேட்டு, அந்த அளவை ஒரு பாத்திரத்தில் காலையிலேயே எடுத்து வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் கோக்கிறது என்று பொருள், அழைத்துச் சொல்லுங்கள். வின்கிறிஸ்டினால் விரல் நுனிகள் மரத்துப்போகும்; கொழுந்து கிள்ளும் விரல்களுக்கு இது பெரிய குறை, சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தே மெல்லச் சீராகும். மரத்த கால்களோடு வெந்நீர்ப் பையையோ நெருப்பையோ அணைத்து உட்கார்ந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதும் கூடாது. அதில் வரும் நச்சுப்புகை நலமான இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது.

சிகிச்சையின் நடுவிலும் முடிவிலும் பெட்-சிடி எடுத்துப் பார்ப்பார்கள். முடிந்த பின் முதல் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்ப வாய்ப்பு மிகுந்த காலம் என்பதால், மருத்துவர் குறித்த இடைவெளியில் பரிசோதனைக்கு இறங்கிச் செல்ல வேண்டும். கால் வீக்கம், இரவு வியர்வை, மேட்டில் புதிதாக வரும் மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். டாக்ஸோரூபிசினின் பின்விளைவு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால், நோய் முற்றிலும் நீங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ எடுத்து, பழைய அறிக்கையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.